மகன் வி8 மஸ்டாங் கேட்கிறான்: மசில் கார் வாங்கலாமா, கூடாதா?

சங்கர், நோவை (மிச்சிகன்)

வணக்கம். என் மகனுக்கு இருபது வயது, ஆன் ஆர்பரில் படிக்கிறான். மூன்று கோடை விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைப் போட்டு 2019 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி என்ற மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார்) ஒன்றை வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 460 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், 41,000 மைல் ஓடியது. பாதிப் பணம் அவனுடையது, மீதியை நான் போட வேண்டும்.

போன ஞாயிறு அவனோடு போய்ப் பார்த்தேன். விற்பவர் கேரேஜுக்குள் வைத்தே ஸ்டார்ட் செய்தார். சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்பானர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பதினெட்டு வருடமாகக் கேம்ரியைத் தவிர வேறு எதையும் ஓட்டாத எனக்கே நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "இதில் போனால் பையன் பத்திரமாக வீடு திரும்புவானா?" என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள்.

பிரபு, ராயல் ஓக்

சங்கர் அண்ணா, வாங்கிக் கொடுங்கள். நான் ஒன்பது வருடமாக 2016 ஜிடி வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது சும்மா சைலன்சரைக் கழற்றிவிட்டதால் வரும் சத்தம் இல்லை. அமெரிக்க வி8 எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), பிஸ்டன் தண்டுகள் மாட்டும் இடங்கள் ஒன்றுக்கொன்று 90 பாகையில், முன்னாலிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும். எட்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு, சீராகத்தான் வருகிறது. ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் பாருங்கள், இடைவெளி 90, 180, 270, 180 என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி எக்ஸாஸ்ட் குழாய் என்பதால் அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வெளியே கேட்கிறது. தவில்காரர் விழ வேண்டிய இடத்தில் அடியைப் போடாமல் ஒரு இழை தள்ளிப் போடும்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருவாரே, அந்த மாதிரி. ஃபெராரி வி8-இல் கிராங்க் தட்டையாக இருக்கும், வெடிப்பு இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். அதனால் அது அலறும். இது உறுமும். உங்கள் நெஞ்சுக்குள் ஏதோ செய்தது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் விலை. 2019-இல் இந்த ஜிடி புதிதாகவே 36,000 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு பிஎம்டபிள்யூ எம்4, 425 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 70,000. மசில் கார் என்ற வகையே சம்பளக்காரனுக்காகப் பிறந்தது. 1968-இல் பிளிமத் ரோடு ரன்னர் 2,896 டாலருக்கு வந்தது. சாதாரண பெஞ்ச் சீட்தான், ஒட்டு அலங்காரம் எதுவும் கிடையாது, ஆனால் முன்னால் 383 கன அங்குல வி8, 335 குதிரைத்திறன். ஆலையில் நட்டு முடுக்குகிறவர் தான் முடுக்கிய காரைத் தானே வாங்க முடிந்தது. வேகம் என்பது பணக்காரர் வீட்டுச் சொத்தாக இருந்ததை மாற்றிய கார் இது.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 1995-இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்ட ஆரம்பித்த பழைய கார் ஊர்வலம் அது. இன்று ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை சாலையோரம் முழுக்க மடக்கு நாற்காலிதான். இந்த வருடம் ஒரு பெரியவர் பான்டியாக் நிறுவனம் செய்த தன் 1966 ஜிடிஓ மசில் காரின் கதவைத் திறந்து என் ஆறு வயது மகளை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார். "தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கை பட்ட இடத்தைத் துடைக்கவும் இல்லை.

லட்சுமி, ட்ராய்

பிரபு, நீங்கள் காரை நேசிப்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் சங்கர் கேட்டது பையன் வீடு திரும்புவானா என்பதை.

நான் பதினான்கு வருடமாகக் காப்பீட்டுத் துறையில், விபத்து இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கோப்புகளைப் பார்க்கிறேன். இந்த வகைக் கார்களின் கோப்புகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். கடை வாசலில் இருந்து வண்டி வெளியே வருகிறது, வலது பக்கம் திரும்புகிறது. ஸ்டியரிங் இன்னும் நேராகவில்லை, அதற்குள் கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. பின் சக்கரம் வழுக்கி வால் இடது பக்கம் போகிறது. பயந்துபோய் காலைச் சட்டென்று எடுக்கிறார்கள். எடுத்ததும் பின் டயருக்குத் திடீரென்று பிடிமானம் திரும்பி, கார் எதிர்ப்பக்கம் உதறிக்கொண்டு போய் நடைபாதையில் ஏறுகிறது. எல்லாம் மூன்று வினாடிக்குள். ஓட்டியவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில் "கார் தானாகவே திரும்பியது" என்று இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இது என் மேசையில் மட்டும் நடப்பதில்லை. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023-இல் 2020 மாடல் கார்களின் மரணக் கணக்கை வெளியிட்டது. ஓட்டுநர் அதிகம் இறந்த கார்களின் பட்டியலில் வழக்கமாகச் சின்னக் கார்கள்தான் இருக்கும். மோதினால் அவை தாங்காது. அந்த முறை அவற்றோடு டாட்ஜ் நிறுவனத்தின் சேலஞ்சர், சார்ஜர், செவர்லே கமாரோ, மஸ்டாங் என்று மசில் கார் வகைகளும் வரிசையாக இருந்தன. அதைவிட என்னைப் பாதித்தது இன்னொரு பட்டியல். எதிரே வந்த காரின் ஓட்டுநர் இறந்த கணக்கில், பெரிய பிக்கப் டிரக்குகளுக்கு நடுவே ஹெமி என்ற பெரிய வி8 எஞ்சின் போட்ட சார்ஜரும் இருந்தது. அதாவது ஆபத்து ஓட்டுகிறவரோடு முடியவில்லை.

பிரபு, ராயல் ஓக்

லட்சுமி அக்கா, அந்த அறிக்கையை நானும் படித்தேன். காரின் கட்டுமானம் மோசம் என்று அது சொல்லவில்லை. கார்கள் ஓட்டப்படும் விதத்தைத்தான் சுட்டிக்காட்டியது. அவசரக்காரர்கள் இந்தக் காரைத் தேடி வாங்குகிறார்கள், அதனால் கணக்கு ஏறுகிறது. அவர்கள் கையில் வேறு எந்தக் காரைக் கொடுத்தாலும் இதையேதான் செய்வார்கள். கத்தி காய் நறுக்கவும் செய்யும், கையை வெட்டவும் செய்யும்.

லட்சுமி, ட்ராய்

இதை நான் ஏற்க மாட்டேன், பிரபு. கத்தி செய்கிறவர் "வெட்டிப் பார், வெட்டிப் பார்" என்று விளம்பரம் செய்வதில்லை. இந்த மஸ்டாங்கிலேயே லைன் லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. முன் சக்கர பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின் டயரைப் புகைய விடுவதற்கென்றே நிறுவனம் கொடுத்தது. ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்று திரையில் ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். காரும் அதன் பேரும் விளம்பரமும் சேர்ந்து ஒரு பையனை எப்படி ஓட்டச் சொல்கிறதோ அப்படித்தான் அவன் ஓட்டுகிறான். அவசரக்காரன் இந்தக் காரைத் தேடிப் போகிறான் என்பது உண்மை. நிதானமான பையனையும் இந்தக் கார் மாற்றுகிறது என்பதும் உண்மை. என் மேசையில் இரண்டு வகையும் வருகிறது.

ரூபன், பிரம்ப்டன் (கனடா)

வணக்கம் சங்கர் அண்ணை. நீங்கள் கதைக்கிற இந்தக் கார்களில் சேலஞ்சரும் சார்ஜரும் எங்கட பிரம்ப்டன் ஆலையில்தான் செய்யப்பட்டவை. நான் அங்கே பதினொரு வருசம் வேலை செய்தவன். 2023 டிசம்பரில் கடைசிக் கார் லைனை விட்டு இறங்கினது, சேலஞ்சர் டீமன் 170. எத்தனோல் கலந்த இ85 எரிபொருளில் 1,025 குதிரைவலு. எங்கட ஆட்கள் கனபேர் அந்த லைனில் நின்றவர்கள். அந்தக் கார் றோட்டில் போனால் "இது நாங்கள் பூட்டின கதவு" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அதனால் இந்தக் கார்களை ஒருவர் குறைத்துச் சொன்னால் எனக்கு நெஞ்சில் குத்தும்.

ஆனாலும் ஒரு விசயம் சொல்ல வேணும், களவு. நான் வைத்திருந்தது ஒரு வி8 கார். இரண்டு வருசத்துக்கு முந்தி, ஜனவரி மாதம், விடிய எழும்பி யன்னலால் பார்த்தேன். முற்றம் முழுக்கப் பனி. கார் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாய்க் கறுப்பாய்த் தெரிந்தது. அந்தக் கறுப்புக்கு மேலே மெல்லிசாகப் பனி விழத் தொடங்கி இருந்தது, அப்ப கொண்டுபோய் அரை மணித்தியாலம்கூட ஆகியிராது. கண்ணாடி உடைந்த சத்தம் இல்லை, ஒண்டும் இல்லை. ஸ்ரியரிங்குக்குக் கீழே, காரின் கம்பியூட்டரோடு தொடுக்கிற செருகியில் கருவியைக் கொழுவிப் புதுத் திறப்பு (சாவி) ஒன்றைப் பதிவு செய்துகொண்டு ஓடிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்கு: 2020 முதல் 2022 வரையான மாடல்களில், சார்ஜரின் பலம் கூடின வகையான ஹெல்கற் களவு போகிற வீதம் சராசரிக் காரைவிட 60 மடங்குக்கும் மேலே. 2021-இலேயே டொட்ஜ் ஒரு பாதுகாப்பு மென்பொருளை அறிவித்தது. நான்கு இலக்க எண்ணைச் சரியாக அடிக்காவிட்டால் எஞ்சின் மூன்று குதிரைவலுவுக்கு மேலே தராது. 707 குதிரைவலு எஞ்சினை மூன்றுக்கு இறக்கிப் பூட்ட வேண்டி வந்தது என்றால் யோசித்துப் பாருங்கோ. மகன் வாங்கினால் ஸ்ரியரிங்குக்கு இரும்புப் பூட்டு ஒன்றும் வாங்குங்கோ. அந்தப் பழைய மஞ்சள் பூட்டுத்தான், கள்ளன் அதைக் கண்டால் அடுத்த வீட்டுக்குப் போவான்.

கார்த்திக், சான் ஹோசே

எனக்குப் புரியவில்லை. இந்தக் காலத்தில் இன்னும் ஏன் இது? வேகம்தான் வேண்டுமென்றால் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்ற மின்சாரக் கார் பெரும்பாலான மசில் கார்களை சத்தமே இல்லாமல் தாண்டிப் போகும். இந்த ஜிடி மேனுவல் ஊருக்குள் கேலனுக்கு 15 மைல்தான், லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர்கூட இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு தெருவையே எழுப்பிவிட்டுப் போகும் உரிமை இவர்களுக்கு யார் கொடுத்தது? டாட்ஜே இப்போது சார்ஜர் டேட்டோனாவை மின்சாரக் காராகவும் கொண்டுவந்துவிட்டது, 670 குதிரைத்திறன் வரை.

பிரபு, ராயல் ஓக்

கார்த்திக், அந்த மின்சார சார்ஜருக்குப் பின்னால் ஒலிப்பெட்டி வைத்துச் செயற்கையாக எக்ஸாஸ்ட் சத்தம் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? மோட்டாரே போதும் என்றால் அது எதற்கு? எடையும் 2,600 கிலோவைத் தாண்டுகிறது. பெட்ரோல் எஞ்சின் கேட்டவர்களுக்காக இரட்டை டர்போ ஆறு சிலிண்டரையும் அதே உடம்பில் போட்டு விற்கிறார்கள்.

இரவுச் சத்தம் பற்றிச் சொன்னது நியாயம். நான் காலை ஆறரைக்குக் கிளம்பும்போது முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், தெருமுனை வரை ஊர்ந்துதான் போவேன். பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடித்து வந்து தூங்குகிற ஒரு செவிலியர் இருக்கிறார். அதை எல்லோரும் செய்ய வேண்டும். செய்யாதவர்கள் எங்களுக்கும் எதிரிதான்.

வேகம் பற்றி மட்டும் ஒன்று. பிளெய்டில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அது வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. மேனுவல் வி8-இல் கிளட்சை விடும்போது பாதத்துக்கு அடியில் ஒரு இடம் வரும், அங்கே எஞ்சின் காரைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தைத் தேடிப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. பழகியபின் அது என்னுடையது.

ராமநாதன், டியர்பார்ன்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்தக் கேள்விக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1973 செப்டம்பரில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க டெட்ராய்ட் வந்தேன். அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோல் பங்கில் வரிசை தெருவைச் சுற்றி நிற்கும். கேலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் தரும் வண்டியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஐந்தாறு வருடத்துக்கு முன் இளைஞர்கள் கனவு கண்ட கார்கள் எல்லாம் முன் கண்ணாடியில் விலை எழுதித் தெருவோரம் நின்றன. 1974 வசந்தத்தில் அப்படி ஒன்றை 600 டாலருக்கு வாங்கினேன். 1969 மாடல், பெரிய வி8. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, அன்றைக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்தார்கள்.

அந்த வருடக் கோடையில் மூன்று நண்பர்களோடு ஸ்மோக்கி மலைக்குப் போனேன். நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாய், உயரம் சுமார் 5,000 அடி. ஏறும்போது கார் பறந்தது. உச்சியிலிருந்து கேட்லின்பர்க் பக்கம் இறங்க ஆரம்பித்தோம். முதல் நாலைந்து வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஒரு அங்குலம் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் ஒரு அங்குலம். சுட்ட சாக்குப்பை மாதிரி ஒரு வாடை உள்ளே வந்தது. அதற்கடுத்த வளைவில் மிதி தரையைத் தொட்டது, காரின் வேகம் குறையவே இல்லை. இரண்டாம் கியருக்கு இழுத்து, பார்க்கிங் பிரேக்கையும் மிதித்து, மலைப்பக்கம் இருந்த மண் மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். பின் இருக்கையில் இருந்தவர் இறங்கி அரை மணி நேரம் பேசவே இல்லை.

நடந்தது இதுதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் சூடானால் விரிந்து, உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். முன் சக்கர டிஸ்க் பிரேக்கைக் கூடுதல் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பலர் அந்தப் பணத்தை எஞ்சினில் போட்டார்கள். விற்றவர்களும் தடுக்கவில்லை.

ஏன் அப்படி? 1964 ஜிடிஓ-வைப் பாருங்கள். நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் போடக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரோடு இருந்தவர்களும் அதை ஒரு புதிய மாடலாகக் காட்டாமல், டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் தொகுப்பு என்று காட்டி 389 கன அங்குல எஞ்சினைப் போட்டார்கள். தொகுப்புக்கு விதி பொருந்தாது! விலை 295 டாலர் சொச்சம். 5,000 விற்றால் போதும் என்றிருந்தார்கள், முதல் ஆண்டே 32,450 போனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பெரிய காருக்காக ஏற்கனவே வார்த்துக்கொண்டிருந்த எஞ்சினைச் சின்னக் காரில் போட அதிகச் செலவில்லை. அதைத் தாங்கும் பிரேக்கும் டயரும் சஸ்பென்ஷனும் புதிதாகச் செய்யத்தான் செலவு. பலத்தை மலிவாகக் கொடுத்தார்கள், அதை அடக்கும் கருவியை விலைப்பட்டியலில் தனி வரியாக வைத்தார்கள்.

பிரபு சொன்ன 335-க்கும் ஒரு திருத்தம். 1972-க்கு முன் எழுதிய குதிரைத்திறன் எல்லாம் ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் அளந்தது. காரில் இருக்கிறபடி அளந்தால் நிறையக் குறையும். அந்த நாளில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஓட்டிப் பார்த்து 0-விலிருந்து 60 மைலுக்கு 4.6 வினாடி என்று எழுதிய ஜிடிஓ-வில், உள்ளே இருந்தது 421 கன அங்குல எஞ்சின் என்பது பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது.

அன்று அந்த மண் மேட்டில் நின்றவன் பிறகு முப்பத்தோரு வருடம் பிரேக் பிரிவில் வேலை பார்த்தேன். வேறு பிரிவுக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

பிரபு, ராயல் ஓக்

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையை மறுக்க மாட்டேன்.

ஆனால் அது 1969 கார். சங்கர் அண்ணா பார்த்தது 2019 கார். நடுவில் உங்களைப் போன்றவர்கள் ஐம்பது வருடம் உழைத்திருக்கிறீர்கள். மஸ்டாங்குக்கு 2015-இல் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. நான்கு பக்கமும் பெரிய டிஸ்க். கார் வழுக்க ஆரம்பித்தால் தானாகவே பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் 2012 மாடலில் இருந்து எல்லாக் காருக்கும் சட்டப்படி கட்டாயம். லட்சுமி அக்கா சொன்ன அந்த மூன்று வினாடிக் கதையில், அந்த சுவிட்சை அணைக்காமல் இருந்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

ராமநாதன், டியர்பார்ன்

பாதிப் பேர் என்கிறீர்கள். டயரில் பிடிமானம் இருந்தால்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அதைப் பங்கு போட்டுக் கொடுக்கும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது. இந்தக் கார்கள் பலவற்றில் கோடை டயர் இருக்கும். வெப்பம் ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். நம் ஊரில் அக்டோபர் மத்தியிலேயே காலையில் அந்த நிலை வந்துவிடும். பனியைப் பார்த்தால் பையன் பயப்படுவான். காய்ந்த தெருவில் குளிர் மட்டும் இருக்கும் காலை இருக்கிறதே, அதுதான் ஏமாற்றும்.

பிரபு, ராயல் ஓக்

உண்மை ஐயா. முதல் வருடம் எனக்கே நடந்தது. அக்டோபர் காலை, நல்ல வெயில், தெரு காய்ந்து கிடந்தது. சிக்னலில் இருந்து இடது பக்கம் திரும்பும்போது கால் கொஞ்சம்தான் அழுந்தியது, கார் பாதி வட்டம் அடித்து எதிர்த் தடத்தைப் பார்த்து நின்றது. எதிரே யாரும் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து அக்டோபர் முதல் வாரம் மூடினால் ஏப்ரலில்தான் கார் கேரேஜை விட்டு வெளியே வரும். குளிர்காலத்துக்குப் பழைய ஹோண்டா ஒன்று இருக்கிறது.

சங்கர் அண்ணா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆசையில் விட்டுவிட்டேன்.

கார்த்திக், சான் ஹோசே

அப்போ கணக்குப் போடுங்கள். ஒரு காரை ஓட்ட இன்னொரு கார், இரண்டு செட் டயர், இரும்புப் பூட்டு, கேலனுக்கு 15 மைல். மாணவன் தலையில் இவ்வளவு ஏன்?

லட்சுமி, ட்ராய்

அதோடு காப்பீட்டையும் சேருங்கள். சங்கர், இருபது வயதுப் பையன் பேரில் இந்தக் காருக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டீர்களா? காரைப் பேசி முடிப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். இது புதுக் கதையும் இல்லை. அறுபதுகளின் கடைசியில் காப்பீட்டு நிறுவனங்கள் இளைஞர்களின் மசில் கார்களுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் போட ஆரம்பித்தன. அந்தக் காலத்து மசில் கார்களை எண்ணெய்த் தடை கொன்றது என்பார்கள். அதற்கு முன்பே புகைக் கட்டுப்பாடும் காப்பீட்டுக் கட்டணமும் பாதி உயிரை எடுத்துவிட்டன. 1974-இல் வந்த மஸ்டாங்கில் வி8-ஏ கிடையாது.

பிரபு, உங்கள் அக்டோபர் கதையை எழுதியதற்கு நன்றி. அதை வெளியே சொல்கிறவர்கள் குறைவு. என் கருத்து மாறவில்லை: இருபது வயதில் வேண்டாம், இருபத்தைந்துக்கு மேல் வாங்கட்டும்.

ரூபன், பிரம்ப்டன்

லட்சுமி அக்கா, இருபத்தைந்தில் கலியாணம், வீட்டுக் கடன். நாற்பதில் முதுகு நோ. இந்தக் காரை வாங்குகிற வயசு எப்ப வரும்? என்ர தகப்பன் ஊரில் ஒரு மொறிஸ் மைனரை வைத்து உயிராய்ப் பார்த்தவர். அது நாற்பது மைலுக்கு மேலே போனால் கதவு ஆடும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் அதைத் துடைக்கிற விதத்தில் நான் கார் என்றால் என்ன என்று படித்தேன். மகனுக்கு ஆசை இருக்கிறது, உழைத்துக் காசு சேர்த்திருக்கிறான். அதை ஒரேயடியாய் மறுக்கிறது எனக்குச் சரியாகப் படவில்லை.

சங்கர், நோவை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதை அச்செடுத்து மேசையில் வைத்து மூன்று பேரும் படித்தோம். ராமநாதன் ஐயாவின் மலைக் கதையை என் மனைவி சத்தமாகப் படித்தாள். பையன் பாதியில் செல்போனைக் கீழே வைத்துவிட்டான்.

காப்பீடு கேட்டேன். அவன் பேரில் தனியாக என்றால் மாதம் 510 டாலர். எங்கள் பாலிசியில் சேர்த்தாலும் மாதம் 340 கூடும். தொகையைக் கேட்டதும் அவனே பேனா எடுத்துக் கணக்குப் போட்டான். போட்டு முடித்துவிட்டு, "கல்லூரி முடியும் வரை வளாகத்துக்குக் கொண்டு போக மாட்டேன், இங்கேயே இருக்கட்டும், வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறேன்" என்றான். நான் கேட்டது மூன்று: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தொடக் கூடாது. முதல் கோடையில் மூடிய மைதானத்தில் கார் வழுக்குவதைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தரும் ஒருநாள் வகுப்புக்கு இரண்டு பேரும் போக வேண்டும், நானும் கூட. ஸ்டெபிலிட்டி சுவிட்சை அணைக்கக் கூடாது. அவன் மூன்றுக்கும் சரி என்றான். மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை. லட்சுமி எழுதிய அந்தக் கடை வாசல் பத்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இந்த ஞாயிறு மறுபடியும் காரைப் பார்க்கப் போகிறோம். ஐயா, தொந்தரவு இல்லை என்றால் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? நானே வந்து கூட்டிப் போகிறேன்.

ராமநாதன், டியர்பார்ன்

வருகிறேன். விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது என்ன சத்தம் வருகிறது என்று கேட்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின் டயர் இரண்டும் முன்னதைவிட ரொம்பப் புதிதாக இருந்தால், பழையது எப்படித் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். கிளட்ச் எப்போதாவது மாற்றினாரா, எஞ்சின் கம்ப்யூட்டரில் யாராவது கை வைத்தார்களா என்பதும் தெரிய வேண்டும். பலகை ஒன்றும் டார்ச்சும் கொண்டு வருகிறேன், குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு அடியில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று படுத்துப் பார்த்துவிடலாம்.

பையனையும் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவனும் என்னோடு கீழே படுத்துப் பார்க்கட்டும்.